மாறலாமா, இருப்பதையே ஓட்டலாமா? தங்கவயலின் லேப்டாப் கணக்கு

விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிய நாள் 2025 அக்டோபர் 14. மறுநாள் காலை கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் எந்த லேப்டாப்பும் நின்றுபோய்விடவில்லை. ஜெராக்ஸ் கடையில் வழக்கம்போல ஆதார் நகல் ஓடியது. மாரிக்குப்பத்தில் பெங்களூரு ரயில் ஏறியவர்கள் வழக்கம்போலப் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். நின்றது ஒன்றே ஒன்றுதான்: மாதாமாதம் சத்தமில்லாமல் வந்து இறங்கிக்கொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட். வீட்டுப் பூட்டு உடைந்துவிடவில்லை, ஆனால் பூட்டு ரிப்பேர்க்காரர் இனி இந்தத் தெருப்பக்கம் வரமாட்டார்.

அதிலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் ஒரே பாட்டுதான். "அண்ணா, இதுல லெவன் ஏறுமா?" ஏறாது என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது: "அப்ப எதுக்குத்தான் மாறுறது?"

பத்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை. பழசு போனால் புதுசு. அதிலும் அதே இன்டெல், அதே விண்டோஸ், டப்பா மட்டும் மெல்லிசு. இன்றைக்கு அப்படியில்லை. ஆப்பிளின் மேக்புக் ஏர் கல்லூரிப் பிள்ளைகளின் ஆசைப் பட்டியலில் ஏறிவிட்டது. ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப் கடை வாசலிலேயே தொங்குகிறது. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றினால் இன்னும் நாலு வருஷம் ஓடும் என்கிறார் தெரிந்தவர். குரோம்புக் என்று ஒன்றும் ஓரமாக நிற்கிறது.

எது நல்ல லேப்டாப் என்று சொல்ல யூடியூபில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் சொல்வதில் பெரிய தப்பும் இல்லை. ஆனால் தங்கவயலில் இருந்து பார்த்தால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எந்த ஒரு மென்பொருளை, எந்த ஒரு பிரிண்டரை விட்டுவிட்டு உங்களால் வரவே முடியாது? கெட்டுப்போனால் அதைத் திறந்து பார்க்கிற ஆள் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால், எந்த வகை என்ற கேள்வி பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும்.

ஏறுமா, ஏறாதா

முதலில், கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், அதில் கடைசியில் அபவுட். அங்கே ப்ராசஸர் பெயர் இருக்கும். ஐ5-7200யூ என்று இருக்கிறதா? கோட்டுக்கு அடுத்த எண் 7, அதாவது ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை, ஏறும். பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்: ஐ5-10210யூ என்றால் பத்து, ஐ5-1135ஜி7 என்றால் பதினொன்று. ஏஎம்டி ரைசன் வைத்திருப்பவர்கள் லேப்டாப்பைப் பொறுத்தவரை 3000 வரிசையிலிருந்து ஏறும் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். எட்டாம் தலைமுறை லேப்டாப்களில் அது ஏற்கெனவே இருக்கும், சிலவற்றில் பயாஸில் போய் ஆன் செய்துவிட வேண்டியிருக்கும்.

ஏறாது என்றால் உடனே பீதியாக வேண்டாம். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்திருக்கிறது. விலை 30 டாலர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் காசே வேண்டாம். அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு வரும். இந்த ஊரில் இதைச் செய்துகொண்டவர்களை விட, இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள்தான் அதிகம் என்பது என் சந்தேகம்.

சில கடைகளில் விண்டோஸ் 11-இன் தகுதிச் சோதனையை ஏமாற்றி ஏழாம் தலைமுறையிலும் லெவனை ஏற்றிக் கொடுக்கிறார்கள். ஓடவும் ஓடும். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய அப்டேட் தானாக வராது, திரும்பவும் கடைக்குத்தான் போக வேண்டும். அதே பென்டிரைவில் கிராக் செய்த ஆபீஸும் சேர்ந்து வருகிறது என்றால், பாதுகாப்புக்காக மாறுகிறோம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மாற நினைப்பவர்களுக்கு வேறு மருந்து. 2017, 2018-ல் வாங்கிய லேப்டாப்பில் பெரும்பாலும் சுற்றுகிற ஹார்டு டிஸ்க்கும் நாலு ஜிபி ரேமும்தான் இருக்கும். அந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே இடத்தில், அதே திருகுகளில் இரண்டரை இஞ்ச் எஸ்எஸ்டி உட்காரும். ஸ்விட்ச் போட்டால் நாம் டீ குடித்துவிட்டு வரும் வரை எழாத லேப்டாப், அரை நிமிஷத்துக்குள் எழுந்துவிடும். ரேமை எட்டாக்கினால் குரோமில் பத்து டேப் திறந்தாலும் திணறாது. ஒரு எச்சரிக்கை: 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் தன் 'குரூஷியல்' சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. ராபர்ட்சன்பேட்டைக் கடைக்காரர் ரேமுக்குப் பழைய விலையைச் சொல்லவில்லை என்றால் அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

ரயிலில் ஒரு லேப்டாப்

தங்கவயலின் இங்கிலீஷ் பெயரான கேஜிஎஃப் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு யாஷ் படம். உள்ளூரில் கேஜிஎஃப் என்றால் காலை ரயில். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு, வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் வந்து நூறாண்டுக்கு மேல் சுரங்கத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு வேலை என்றால் பெங்களூரு என்றாகிவிட்டது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் ஏறி, பங்காரப்பேட்டையில் இன்னும் நெருக்கி, பெங்களூரு வரை போகிறது. போக இரண்டு மணி நேரத்துக்கும் மேல், வரவும் அதே அளவு.

அந்த ரயிலில் லேப்டாப் கொண்டுபோகிறவருக்கு முக்கியம் இரண்டே விஷயம். எடை. பேட்டரி. பெட்டியில் சார்ஜ் போட இடம் கிடைக்கும் என்று நம்பி ஏற முடியாது. உட்காரவே இடம் கிடைக்குமா என்பது வேறு விஷயம். இரண்டரை கிலோ கேமிங் லேப்டாப்பும் அதன் செங்கல் மாதிரி சார்ஜரும் தோளில் தொங்க, வாசல் பக்கம் நின்றுகொண்டே வருகிற இளைஞர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அதை வாங்கச் சொன்ன வீடியோவில் யாரும் நின்றுகொண்டிருக்கவில்லை.

இந்தப் பயணிகளுக்குத்தான் புதுவகை லேப்டாப்கள் உண்மையில் பொருந்துகின்றன. மேக்புக் ஏர் 1.24 கிலோ. ஒரு சார்ஜில் 18 மணி நேரம் வீடியோ ஓடும் என்கிறது ஆப்பிள். அதில் பாதி என்று வைத்தாலும் காலை ரயில், ஆபீஸ், மாலை ரயில் மூன்றும் முடிந்துவிடும். ஸ்னாப்டிராகன் விண்டோஸ் லேப்டாப்களும் பேட்டரியில் கிட்டத்தட்ட அதே ரகம். மூடிவைத்தால் செல்போன்போல அப்படியே தூங்கி, திறந்ததும் எழுகின்றன.

இன்னொன்று, இந்த ஊருக்கே உரியது. சுரங்கக் கழிவு மலைபோலக் கிடக்கும் சயனைட் மேடுகளிலிருந்து காற்றடிக்கும் மாதங்களில் மாவு போன்ற தூசி எழுந்து வீட்டுக்குள்ளே வருகிறது. ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் ஒரு பழைய லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால், ஃபேன் இறகில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கும். காற்று போகும் சன்னமான தகடுகளின் இடுக்கில் அது பஞ்சுபோல அடைத்திருக்கும். சூடேறுவதற்கும் மெதுவாவதற்கும் பாதிக் காரணம் அதுதான். மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது. விளம்பரத்தில் இதைச் சத்தமில்லாத வசதி என்கிறார்கள். தங்கவயலில் அதற்கு வேறு மதிப்பும் உண்டு. ஃபேன் உள்ள லேப்டாப் வைத்திருப்பவர் வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும், அதற்காக லட்ச ரூபாய் செலவழிக்க வேண்டியதில்லை.

உள்ளே மாறியிருப்பது என்ன

இன்டெல், ஏஎம்டி சிப்புகள் 1978-ல் வந்த 8086-இன் வம்சாவளி. ஏஆர்எம் என்பது வேறு குடும்பம். 1985-ல் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற சின்னக் கம்பெனி உருவாக்கியது, மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும். இன்றைக்கு நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் செல்போனில் இருப்பது இந்தக் குடும்பம்தான். ஆப்பிள் 2020 நவம்பரில் எம்1 என்ற பெயரில் அதை லேப்டாப்புக்குக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் 2024 ஜூனில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்புடன் களமிறங்கியது.

ஒரு குடும்பத்துக்காக எழுதிய மென்பொருள் இன்னொன்றில் நேரடியாக ஓடாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஆப்பிளில் அதற்கு ரொசெட்டா என்று பெயர், விண்டோஸில் பிரிசம். வேர்டு, எக்செல், பிரவுசர் போன்றவை இரண்டிலும் சொந்தமாகவே வந்துவிட்டன. மற்ற பலதும் மொழிபெயர்ப்பில் ஓடிவிடும். ஓடாத வகை ஒன்று இருக்கிறது: டிரைவர். பிரிண்டர், கைரேகை ரீடர், டிஜிட்டல் கையெழுத்துக்கான யூஎஸ்பி டோக்கன் போன்றவற்றை விண்டோஸோடு பேசவைக்கும் சின்ன மென்பொருள் அது. அதை மட்டும் மொழிபெயர்க்க முடியாது; தயாரித்தவரே ஏஆர்எம்முக்குப் புதிதாக எழுதித் தர வேண்டும். எழுதவில்லை என்றால் அவ்வளவுதான்.

மைக்ரோசாஃப்ட் இதில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டது. 2012-ல் வந்த சர்ஃபேஸ் ஆர்டி பழைய விண்டோஸ் மென்பொருள் எதையும் ஓட்டவில்லை. பெயர் விண்டோஸ், உள்ளே விண்டோஸ் இல்லை. அடுத்த ஆண்டே 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டி வந்தது. இப்போது வந்திருப்பது அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் டிரைவர் சிக்கல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒரு வார்த்தை

கடை வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பிரிண்டரை. கேனான் எல்பிபி 2900 இல்லாத ஜெராக்ஸ் கடையை இந்தியாவில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கறுப்பு வெள்ளை லேசர், மாடல் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, டோனரை ஊற்றி ஊற்றியே ஓட்டலாம். சாதாரண விண்டோஸில் சமர்த்தாக ஓடும் அது, தன் கம்பெனி வகுத்த தனி பாஷையில்தான் கம்ப்யூட்டரோடு பேசும். அதனால் லினக்ஸில் கொண்டுபோனால் அடம்பிடிக்கும், ஏஆர்எம் விண்டோஸில் கதையே நடக்காது. ஆதார் கைரேகை ரீடர் வைத்து அரசு சேவை செய்துகொடுப்பவருக்கும் இதே கதிதான்.

மொழி அடுத்த முடிச்சு. தங்கவயலில் டிடிபி வேலை என்றால் நாலு மொழி. அரசு மனு கன்னடத்தில், கல்யாணப் பத்திரிகை தமிழிலோ தெலுங்கிலோ, பயோடேட்டா இங்கிலீஷில். கன்னடத்துக்கு நுடி, பரஹா. தமிழுக்கு பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று யூனிகோடுக்கு முந்தைய காலத்து எழுத்துருக்கள். பழைய பத்திரிகை டிசைன்கள் எல்லாம் பேஜ்மேக்கரில். அந்தப் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல். சுரங்கம் மூடிய அதே வருஷம். கடைசிப் பதிப்பு வந்து சுமார் கால் நூற்றாண்டாகியும் டிடிபி கடைகளில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் மென்பொருள் அது. இவையெல்லாம் இன்டெல் விண்டோஸுக்காகப் பிறந்து, அதிலேயே வளர்ந்தவை. இந்தக் கடைக்காரருக்கு என் யோசனையில் தயக்கமே இல்லை: எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட இன்டெல், அல்லது ரைசன், விண்டோஸ் 11. வேறு எந்தப் பக்கமும் திரும்ப வேண்டாம்.

வெறுமனே யூனிகோடில் தமிழ் அடிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. மேக்கில் அஞ்சலும் தமிழ்99-ம் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இருக்கின்றன. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறனின் கைவண்ணம் அது. விண்டோஸிலும் லினக்ஸிலும்கூடத் தமிழ்99 கிடைக்கிறது.

கணக்கு எழுதுபவர்களும் இதே வரிசைதான். டேலி விண்டோஸுக்கு மட்டும். மேக்கில் ஓட்ட வேண்டும் என்றால் பேரலல்ஸ் என்ற மென்பொருளுக்குத் தனியாகக் காசு கட்டி, அதற்குள் ஏஆர்எம் விண்டோஸை ஏற்றி, அதற்குள் டேலியை மொழிபெயர்ப்பில் ஓட்ட வேண்டும். அதில் ஜிஎஸ்டிக்கான கையெழுத்து டோக்கனும் வேலை செய்யுமா என்று பார்க்க வேண்டும். வருமான வரிக் கடைசி நாள் இரவு இந்தச் சோதனையில் இறங்க யாருக்கும் மனம் வராது.

பெரிய மாற்றம் என்பது தங்கவயலுக்குப் புதிதல்ல. பெங்களூருவுக்கு மின்விளக்கு வந்தது 1905-ல். தங்கவயல் சுரங்கங்களுக்கு 1902 ஜூன் 30-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. 92 மைல் கம்பி. அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான மின்தடங்களில் ஒன்று. விறகும் நிலக்கரியும் எரித்து நீராவியில் ஓடிய சுரங்கத்தை மின்சாரத்துக்கு மாற்றுவது விளையாட்டல்ல. சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி ஆட்கள் புதுமையில் மயங்கி அதைச் செய்யவில்லை. இத்தனை குதிரைத்திறன், இத்தனை வருஷம், இன்ன விலை என்று மைசூர் அரசோடு முதலில் ஒப்பந்தம் போட்டார்கள், பிறகுதான் அணைக்கட்டு வேலை. லேப்டாப் மாற்றுபவரும், 'உன் மெஷினில் என் பிரிண்டர் ஓடுமா?' என்ற பதிலைப் பணம் கட்டுவதற்கு முன்னால் வாங்கிவிட வேண்டும்.

பக்கத்து ஊர் ஆப்பிள்

கோலார் மாவட்டத்துக்கு ஆப்பிள் அந்நியமில்லை. நரசாபுரா தொழிற்பேட்டையில் ஐபோன் தயாராகிறது. தைவானின் விஸ்ட்ரான் தொடங்கிய ஆலை. 2020 டிசம்பர் 12-ல் சம்பளப் பாக்கியால் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தபோது உலகச் செய்தியானது. 2023-ல் டாடா கைக்குப் போனது. அங்கே தயாராவது போன்தான், லேப்டாப் இல்லை. தயாரிக்கும் மாவட்டம் என்பதற்காக விலையில் ஒரு ரூபாய்கூடக் குறையாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆப்பிளின் சொந்தக் கடை பெங்களூரு ஹெப்பாலில் 2025 செப்டம்பர் 2-ல் திறந்தது. தங்கவயலிலிருந்து ரயிலில் போய், மெஜஸ்டிக்கில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போனால் ஒரு நாள் லீவு காலி.

எம்4 சிப் போட்ட மேக்புக் ஏர் 2025 மார்ச்சில் 99,900 ரூபாய்க்கு வந்தது, மாணவர்களுக்கு 89,900. பதினாறு ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ். இரண்டுமே போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. பிற்பாடு கூட்டிக்கொள்ளலாம் என்பது நடக்காது. தண்ணீர் கொட்டினாலோ ஸ்கிரீன் உடைந்தாலோ ராபர்ட்சன்பேட்டைக் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, உதிரி பாகம் அவர் கைக்கு வருவதில்லை. லாபம் எங்கே என்றால், ஆறேழு வருஷம் பிரச்சினையின்றி ஓடும், பிறகு விற்றாலும் விலை போகும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர், ஆப் எழுதுபவர், வீடியோ எடிட் செய்பவர், தினமும் ரயிலில் போகிறவர் என்றால் பொறுக்கிச் சேர்த்தாவது வாங்கலாம் என்பேன். இஎம்ஐ கட்டி வாங்கிவிட்டு அதில் ஃபேஸ்புக் பார்ப்பவருக்கு எதற்கு?

குரோம்புக் பற்றி இரண்டு வரி போதும். இணையம் நன்றாக இருக்கும் வீட்டில் பள்ளிப் பிள்ளைக்கு உதவும். பிளஸ் டூவைத் தாண்டினால் பற்றாது. பழையதை வாங்கினால் அப்டேட் எந்த வருஷம் வரை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், ஒவ்வொன்றுக்கும் முடிவுத் தேதி உண்டு.

லினக்ஸ்: பென்டிரைவில் வரும் பரீட்சை

விண்டோஸை விட்டு வெளியே வருவதில் தமிழர்களுக்கு நல்ல அனுபவம் உண்டு, அதில் வெற்றியும் தோல்வியும் கலந்தே இருக்கின்றன. 2006-க்குப் பிறகு தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அரசுக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். அவர் மாற்றலாகிப் போன பிறகு அந்த வேகமும் போனது. 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸும் சி-டாக்கின் 'பாஸ்' லினக்ஸும் அருகருகே இருந்தன. ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். பாட்டு, படம், கேம் எல்லாமே விண்டோஸுக்குத்தான் கடையில் கிடைத்தது. பிள்ளைகள் எதை அழுத்தியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் மாமா வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த லேப்டாப் கிடைத்தபோது, மலைக்கு இந்தப் பக்கம் அதே தமிழ் பேசும் தங்கவயல் பிள்ளைகள் வேடிக்கைதான் பார்க்க முடிந்தது. மாநில எல்லை அப்படி. 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு மறுபடி 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட்டோ லேப்டாப்போ தர 2,000 கோடி ஒதுக்கியபோதும் அதே வேடிக்கைதான்.

கேரளம் வேறு மாதிரி. அங்கே அரசுப் பள்ளிகளில் பாடப் புத்தகம், ஆசிரியர் பயிற்சி, பரீட்சை எல்லாவற்றையும் சேர்த்து லினக்ஸுக்குக் கொண்டுபோனார்கள், இன்றும் அதிலேயே நிற்கிறார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் முடிவெடுத்து சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றியது. 2017-ல் மறுபடி விண்டோஸுக்கே திரும்புவதாகத் தீர்மானம் போட்டது. கூட இருப்பவர்கள் எல்லாரும் மாறினால் லினக்ஸ் நிற்கிறது, மேலே ஒருவர் மட்டும் மாறச் சொன்னால் அவர் போனதும் அதுவும் போய்விடுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

வீட்டு லேப்டாப்புக்கு இவ்வளவு பெரிய அரசியல் வேண்டாம். ஏழாம் தலைமுறை லேப்டாப், எஸ்எஸ்டி போட்டாயிற்று, வேலை என்னவோ பிரவுசரும் வாட்ஸ்அப்பும் பிடிஎஃப்பும்தான் என்றால், லினக்ஸ் மின்ட் தாராளமாகப் பார்க்கலாம். அதில் எனக்குப் பிடித்த விஷயம், எதையும் அழிக்காமலே சோதிக்க முடியும் என்பது. எட்டு ஜிபி பென்டிரைவில் அதை எழுதி, லேப்டாப்பில் செருகி, ஸ்டார்ட் ஆகும்போது எஃப்12 (கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும்) அழுத்தினால் பென்டிரைவிலிருந்தே முழு சிஸ்டமும் எழும்பும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டர் ஓடுகிறதா என்று ஒரு மாலைக்குள் பார்த்துவிடலாம். பிடிக்கவில்லையா, பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். வேறு எந்த வகை மாற்றத்திலும் இந்த வசதி கிடையாது.

எஸ்.பி. ரோடு

தங்கவயல் இளைஞர்களில் பாதிப் பேருக்காவது முதல் லேப்டாப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்துதான் வந்திருக்கும். சதர் பத்ரப்பா ரோடு என்று முழுப் பெயர் சொன்னால் அங்கேயே பலருக்குத் தெரியாது. ஐடி கம்பெனிகள் மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்த திங்க்பேடும் லேட்டிட்யூடும் அங்கே அடுக்கிக் கிடக்கும். எடை தாங்கும், கீபோர்டு நன்றாக இருக்கும், உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். புது மெல்லிசு லேப்டாப்பை விட இதை வாங்குவது புத்திசாலித்தனம் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் அங்கே கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். திங்க்பேட் டி470-ம் டி480-ம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். டி470-இல் ஆறு, ஏழாம் தலைமுறை; டி480-இல் எட்டாம் தலைமுறையும் கிடைக்கும். சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் ஒன்றில் விண்டோஸ் 11 ஏறாது, இன்னொன்றில் ஏறும். "எல்லாத்துலயும் லெவன் போட்டுத் தர்றேன் பாஸ்" என்று கடைக்காரர் சொல்வார். போட்டுத் தருவார் என்பது உண்மைதான். எப்படிப் போட்டார் என்பதை மேலே பார்த்தோம்.

இன்னொரு கண்ணி: கம்பெனிப் பூட்டு. சில லேப்டாப்களைக் கம்பெனி தன் சர்வரில் பதிந்து வைத்திருக்கும். கடையில் நன்றாக ஓடும். வீட்டுக்கு வந்து என்றாவது ரீசெட் செய்தால், இணையம் கிடைத்த அடுத்த நொடி பழைய கம்பெனியின் பெயரும் லோகோவும் வந்து, ஊழியர் ஐடி கேட்டு நிற்கும். அதனால் வாங்கும் இடத்திலேயே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, முதல் ஸ்கிரீன்கள் வரை பாருங்கள். பயாஸில் பாஸ்வேர்டு கேட்கிறதா என்றும் பாருங்கள். கேட்டால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பழைய மேக்புக் ஏர் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படுபவர்களுக்குத்தான் பெரிய எச்சரிக்கை. இடது மூலையில் ஆப்பிள் சின்னத்தைத் தட்டி, முதல் வரியைத் திறந்து, இன்டெல் என்று இருந்தால் வேண்டாம். 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. அதுவும் விலை உயர்ந்த சில மாடல்களில் மட்டும். இன்டெல் சிப் உள்ள மேக்புக் ஏர் எந்த வருஷத்தது ஆனாலும் அதில் டாஹோ ஏறாது. எம்1 என்று இருந்தால் பேரம் பேசலாம்.

அட்மிஷன் சீசனில் வரும் அவசரம்

ஜூன், ஜூலை வந்தால் இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு எஞ்சினியரிங் சீட் கிடைத்ததும், பெங்களூருவில் வேலை பார்க்கும் மாமாவோ சித்தப்பாவோ லேப்டாப் வாங்கிக் கொடுப்பார். நல்ல மனசுதான், அவசரம்தான் கெட்டது. எந்தப் பிரிவு என்று நிச்சயமாவதற்கு முன்பே பெட்டி வீட்டுக்கு வந்துவிடும். உரிகத்தில் இருக்கும் எஞ்சினியரிங் கல்லூரியிலானாலும் பெங்களூரு கல்லூரியிலானாலும், சிவில் படிப்பவருக்கு ஸ்டாட், ஈடேப்ஸ், ரெவிட். மெக்கானிக்கல் படிப்பவருக்கு சாலிட்வொர்க்ஸ். எல்லாமே சாதாரண விண்டோஸுக்கு மட்டும். ஆட்டோகேட் மேக்கிலும் இருக்கிறது, மேட்லேப் ஆப்பிள் சிப்பில் சொந்தமாகவே ஓடுகிறது; ஆனால் ஸ்னாப்டிராகனில் இந்தப் பட்டியல் இன்னும் தடுமாறுகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எதுவானாலும் பரவாயில்லை. கேம்பஸ் இன்டர்வியூ சமயத்தில் சில கம்பெனிகள் ஆன்லைன் தேர்வுக்குத் தனிக் கண்காணிப்பு மென்பொருள் இறக்கச் சொல்லும். அது எதில் ஓடும் என்று சீனியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

முதல் வருஷம் எல்லாப் பிரிவுக்கும் கிட்டத்தட்ட கணக்கு, பிசிக்ஸ், கொஞ்சம் சி புரோகிராமிங்தான். அதற்கு அக்கா விட்டுப்போன பழைய டெல் போதும். மூன்றாம் செமஸ்டரில் லேப் மென்பொருள் பட்டியல் கைக்கு வந்ததும் மாமாவுக்கு போன் போட்டுக்கொள்ளலாம்.